கற்காலத்தில் ஒரு தறி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவைத்த புண்ணியவான், ஆத்திரக்காரியை ஏனோ விட்டுவிட்டான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பல்லக்கா பிறந்தாள் போலிருக்கிறது. இல்லாவிட்டால், ஏழு வருஷம் உயிரைக் கொடுத்து எழுதிய நாவல் வெளியாகப் பதினைந்தே நாள் இருக்கும்போது, எந்த மனுஷியாவது தன் வலைப்பூவில் இப்படி எழுதிவைப்பாளா?

"இது கற்காலக் கதை. இதில் வரும் மனிதர்கள் கண்ணால் பார்த்திராத ஒரு பொருளின் பெயர் இந்தப் புத்தகத்தில் எங்கும் கிடையாது. உவமைக்குக்கூடக் கிடையாது. வெளியீட்டு நாளன்று காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள் அப்படி ஒரே ஒரு சொல்லைக் காட்டுங்கள். அதோடு நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்."

எழுதிய சூட்டில் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், நண்பர்களின் பன்னிரண்டு வலைப்பூக்களிலும் அது ஏறிவிட்டிருந்தது. வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப வாய்க்குள் போட முடியுமா? அவள் தலைக்குள் அடுத்த நாவல் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது. சாப்பிடாதே என்றால் நாலு நாள் தாங்குவாள். எழுதாதே என்றால் ஒரு நாள் தாங்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் வேலை செய்வது பொய்ப்பல் செய்யும் கூடத்தில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, மெருகேற்றி அனுப்பவேண்டும். நாளெல்லாம் எதிரே ஊரார் வாய்கள் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும். எதுவும் பேசாது என்பது ஒன்றுதான் நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் அந்த வாய்களைப் பற்றியெல்லாம் 'கடைவாய்' என்ற வலைப்பூவில் எழுதுவாள். எழுத எழுத, பல்லக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நாவலும் பல்லில்தான் முளைத்தது. எங்கோ தோண்டி எடுத்த பழைய மண்டையோடு ஒன்றின் படத்தைப் பார்த்தாள். முன்பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன. சாப்பாட்டில் தேய்ந்த தேய்மானம் இல்லை அது. தொழில் பார்த்துத் தேய்ந்த பல் என்று பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துபோனது. மிருகத்தோலை மென்று மென்று மெத்தென்று ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. அவளுக்குப் பல் தேய்ந்துபோனால்? இனி மெல்ல ஆகாது, உட்கார்ந்து தின்ன ஒரு வாய் அதிகம் என்று கூட்டம் அவளை ஆற்றின் இக்கரையில் விட்டுவிட்டுப் போக முடிவு செய்தால்? அதுதான் 'பல் தேய்ந்தவள்'. மூன்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: "உடுத்தத் துணியே இல்லாத ஆளுங்களை வச்சு முந்நூறு பக்கமா?"

அப்போது கைகொடுத்தவர்கள்தான் இந்த வலைப்பூக்காரர்கள். தலைவி, குருவி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள், பறவைகளைப் பற்றி எழுதுபவள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். "பதிப்பாளர் கிடக்கட்டும் அக்கா, நாமளே போடுவோம். பன்னிரண்டு பேர் இருக்கோம். ஒரே நாள், ஒரே நேரம், பன்னிரண்டு இடத்துல உங்க புத்தகத்தைப் பத்திப் பேசுவோம். அன்னைக்கு ஒரு நாள் முழுப் புத்தகமும் இணையத்துல சும்மா படிக்கலாம்னு விடுவோம். எவன் படிக்காமப் போறான்னு பார்ப்போம்" என்றாள். பிழை பார்த்துக் கொடுத்தவர் ஒற்று சார். நீதிமன்றத்தில் தட்டச்சர். க், ச், த், ப் எங்கே விடுபட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது. கடைப் பலகை ஒன்றில் விடுபட்ட ஒரு 'க்'குக்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டு, ஒன்பது வருஷமாக அந்தக் கடைப்பக்கமே போகாதவர்.

கற்காலத்தைத் தமிழில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் வரைவில் பல்லக்கா, 'கண்ணாடிபோல் தெளிந்த நீர்' என்று எழுதி வலைப்பூவில் போட, "குகைக்குள்ள கண்ணாடி மாட்டினது யாரு, அவங்க மச்சானா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து ஆரம்பித்தது களையெடுப்பு. 'ஆணி அடித்தாற்போல் நின்றாள்', ஆணிக்கு எங்கே போவது, எடு. 'பஞ்சாய்ப் பறந்தது', எடு. 'கம்பி நீட்டினான்', எடு. 'எண்ணெய்' என்று எழுதினால் அதற்குள் எள் ஒளிந்திருக்கிறது, எள்ளை விதைத்தது யார், எடு. நம் பாஷையில் வாயைத் திறந்தாலே ஒரு கொல்லனோ குயவனோ உள்ளே வந்து நின்றுவிடுகிறான். ஏழு வருஷத்தில் நான்கு வருஷம் இதற்கே போனது. அந்த உழைப்பின் திமிரில்தான் அந்தச் சபதம். திமிர் என்றாலும் நியாயமான திமிர்.

வெளியீட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. பல்லக்கா வீட்டு முன்னறையில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, இரண்டு மடிக்கணினி, மூன்று கைப்பேசி, கால் தடுக்கும்படி ஒயர்கள். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில். "நல்லபடியா நடக்கும், போ" என்று காலையில் பேசிவிட்டு வைத்துவிட்டார். வீட்டில் மிச்சம் இருப்பவர் மாமியார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். துணி ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. பால் பாத்திரத்துக்கு வேறு மூடி போட்டிருக்கிறது, துண்டின் ஓரம் வெளியே தெரிய மடித்திருக்கிறது, தாழ்ப்பாள் பாதிதான் விழுந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், மூன்று வினாடிகூட மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பல்லக்கா வாழ்க்கைப்பட்டு வந்த பத்தொன்பது வருஷத்தில் 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. நாவலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், "அதைத் தட்டிக்கிட்டே இருந்தா கண்ணு அவிஞ்சு போகும்" என்பதுதான். அன்று காலை அச்சுப் பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, அதோடு பின்கட்டுக்குப் போனார். எதையாவது மூடிவைக்க எடுத்துப் போகிறார் என்று பல்லக்கா நினைத்துக்கொண்டாள்.

பத்து மணி அடித்தது. குருவி ஒரு விரலால் தட்டினாள். பன்னிரண்டு இடத்தில் ஒரே சமயம் புத்தகம் எழுந்து நின்றது. கதையில் வரும் பறவைகளைப் பற்றிக் குருவி எழுதியிருந்தாள். அடுப்பில்லாத காலத்தில் இறைச்சியை எப்படிச் சுட்டிருப்பார்கள் என்று சமையல் எழுதுகிறவர் ஒருவர் கொல்லைப்புறத்தில் சுட்டுப் பார்த்து, மீசை கருகிய படத்தோடு போட்டிருந்தார். சைக்கிள் பயணம் எழுதுகிறவன் கதையில் வரும் நடைவழியைக் கணக்குப் போட்டு, பல் தேய்ந்தவள் மொத்தம் எத்தனை காதம் நடந்தாள் என்று வரைபடம் வரைந்திருந்தான்.

முதல் ஐந்து நிமிஷம் ஈ, காக்கை இல்லை. பல்லக்கா பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பக்கத்துக்கு வழக்கமா ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"முப்பது பேர். அதுல பத்து தடவை நானே வருவேன்."

"இப்ப பாருங்க."

நானூற்றுப் பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூற்று நாற்பது. பதினொரு மணிக்கு இரண்டாயிரம். பல்லக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பேருந்தில் படித்துக்கொண்டே வந்து இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைப் பல்லக்கா ஆறு தடவை வாசித்தாள். யாரோ ஒரு முகம் தெரியாத பெண், தன்னால் வழி தவறிப் போயிருக்கிறாள். இதைவிட ஒரு எழுத்துக்காரிக்கு என்ன வேண்டும்?

அதற்குள் சொல்வேட்டை சூடு பிடித்துவிட்டது. ஊரே பூதக்கண்ணாடியோடு கிளம்பிவிட்டது. 'ஊசி வந்திருக்கு, மாட்டினீங்க' என்றான் ஒருவன். எலும்பு ஊசியின் படத்தை எடுத்துக் குருவி அவன் முகத்தில் வீசினாள். 'ஓநாய்க்குள்ள நாய் இருக்கே' என்றான் இன்னொருவன், அவனுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. 'நொடி' தப்பு, கடிகாரம் ஏது என்றாள் ஒரு கல்லூரி ஆசிரியை. ஒற்று சார் கையை நீட்டி விரலைச் சொடுக்கினார். "நொடிங்கறது இதும்மா. விரல் இருந்தா நொடி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

மதியம் ஒரு பெரிய இடி வந்தது. பதினோராம் பக்கத்தில் 'விடிவெள்ளி'. வெள்ளி உலோகம் ஆயிற்றே? பல்லக்கா ஒற்று சாரின் முகத்தையே பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வெள்ளை, வெளிச்சம், வெள்ளி எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க. நிறத்துக்குத்தான் முதல்ல பேரு. உலோகம் அப்புறம் வந்து அந்தப் பேரை வாங்கிக்கிச்சு. வானத்துல இருந்தது அப்பவும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அதையே இரண்டு பத்தியாக அடித்து அனுப்பினார். கேட்டவர், 'ஒப்புக்கொள்கிறேன், ஐயா' என்று எழுதியதும் குருவி மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். பல்லக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

ஐந்து மணிக்கு ஒன்பதாயிரம் பேர். அகப்பட்ட சொல், பூஜ்யம். ஒரு பதிப்பாளர், முதலில் திருப்பி அனுப்பிய மூவரில் அந்தத் துணிக் காரணம் சொன்னவர்தான், நாளை பேசலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். 'துணி உடுத்திக்கிட்டு வரட்டும்' என்றாள் குருவி.

ஐந்து இருபத்தைந்துக்கு மாமியார் பின்கட்டிலிருந்து வந்தார். கையில் புத்தகம், நடுவில் பக்க அடையாளமாகத் துணி உலர்த்தும் கிளிப். அறை நடுவே வந்து நின்று, ஒருவரையும் பார்க்காமல் பல்லக்காவிடம் சொன்னார்.

"நூத்தி எண்பத்தேழாம் பக்கத்துல ஒரு தறி கிடக்கு."

"என்னது அத்தை?"

மாமியார் கிளிப்பைக் கழற்றி வாசித்தார். "'புகையைக் கண்ட மான்கூட்டம் தறிகெட்டு ஓடியது.' நான் முப்பத்திரண்டு வருஷம் தறி ஓட்டினவ. நூல் இல்லாத ஊர்ல தறி எப்படி வந்துச்சு?"

பல்லக்கா புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். ஆணியை எடுத்தாள், பஞ்சை எடுத்தாள், எள்ளை எடுத்தாள். இதை எப்படி விட்டாள்? தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தை. சொல்லிச் சொல்லி அதற்குள் ஒரு பொருள் இருப்பதே மறந்துபோன வார்த்தை. ஒன்பதாயிரம் பேரும் அதைத் தாண்டித்தான் போயிருந்தார்கள்.

ஒற்று சார் பாய்ந்து வந்தார். "இல்லம்மா, அது நெசவுத் தறி இல்லை. கட்டுத்தறி. மாட்டைக் கட்டிவைக்கிற முளை. அதை அறுத்துக்கிட்டு ஓடறதுதான் தறிகெட்டு ஓடறது."

"அப்படியா? இவங்க மாடு கட்டினாங்களா?"

ஒற்று சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று தடவை அந்தப் பக்கத்தைப் பிழை பார்த்தவர் அவர். முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

குருவி கதவைச் சாத்தினாள். "முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. வெளியே ஒரு குஞ்சுக்கும் தெரியாது. ஆறு மணி ஆகட்டும், அப்புறம் சத்தமில்லாம மாத்திடலாம். சார், நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு 'க்'குக்காக ஒன்பது வருஷம் பகை வளர்த்த மனுஷன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கறேன்."

அவர் அப்படிச் சொன்னதில் பல்லக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை ஆசையாக இருந்தது, அப்படியே விட்டுவிட. அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அடுத்த புத்தகத்தில் எந்த வரியை எழுத உட்கார்ந்தாலும் இந்த அரை மணி நேரம் பக்கத்தில் வந்து உட்காருமே. அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, வேணாம்" என்றாள் குருவி.

"கிடைத்துவிட்டது" என்று பல்லக்கா அடித்தாள். "பக்கம் 187, 'தறிகெட்டு'. கண்டுபிடித்தவர் என் மாமியார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். இதுவரை படித்த எல்லாருக்கும் நன்றி." யாரும் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

"என்ன எழுதின? வாசி" என்றார் மாமியார். பல்லக்கா வாசித்தாள்.

"யாரைக் கேட்டு எழுதின?"

"அத்தை, நான்தான் வாக்கு கொடுத்தேன். ஒரு சொல் கிடைச்சா நிறுத்திடுவேன்னு."

"அது தெரிஞ்சுதான் வந்து சொன்னேன். ரெண்டு மணிக்கே பார்த்துட்டேன். சொல்றதா வேண்டாமா, சொல்றதா வேண்டாமான்னு மூணு மணி நேரத்துக்கு மேல பின்கட்டுலயே உட்கார்ந்திருந்தேன். சொல்லாம விடவும் மனசு கேட்கலை. தப்போட இருக்கக்கூடாது இந்தப் புத்தகம்."

பல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். தாழ்ப்பாள் பாதி விழுந்ததை மூன்று வினாடி பொறுக்காதவர், மூன்று மணி நேரம் ஒரு குறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாமியாருக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "தப்பு சொன்னா நிறுத்தறதா? என் வாய்க்கு நீதானே பல் செட் செஞ்சே. கீழ்ப்பக்கம் உறுத்துதுன்னு நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் வாங்கிட்டுப் போய் ராவிக் கொடுத்தே. அஞ்சாவது தடவை ஒழுங்கா உட்கார்ந்துச்சு. அன்னைக்கு, இந்த அம்மா குறை சொல்லிட்டாங்க, இனிமே பல்லே செய்யமாட்டேன்னு கூடத்தைப் பூட்டிட்டு வந்தியா? ஆலையில ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நூல் அறும். முடிச்சுப் போட்டுட்டு ஓட்டுவோம். நூல் அறுந்துச்சுன்னு எவளும் வீட்டுக்குப் போனதில்லை."

கணினி கிணுங்கிக்கொண்டே இருந்தது. 'நிறுத்தக்கூடாது', 'ஒரு சொல்லுக்காகவா', 'தீர்ப்பைக் கண்டுபிடித்தவரே சொல்லட்டும்' என்று வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாகச் சொன்னதைக் குருவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்கதான் கண்டுபிடிச்சவங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார், படம் பிடிக்கப்போகிறார்கள் என்பதுபோல. "எழுதிக்கோ. 'தப்பைத் திருத்தணும். எழுதறவ எழுதணும். இதை நான் சொல்லியாச்சு.' அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தார். "'புத்தகம் நல்லா இருக்கு'ன்னும் போடு."

பல்லக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒற்று சார் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். குருவி அடித்து அனுப்பிய வேகத்தில் இரண்டு எழுத்துப்பிழை விட்டாள். அன்றைக்கு அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது கிடக்கட்டும். கடைசியில அந்தப் பல் தேஞ்சவ ஆத்தைத் தாண்டிட்டாளே, பல்லும் இல்லை, கூட ஆளும் இல்லை. அக்கரையில எதைத் தின்னு பிழைச்சா?"

"அது அடுத்த கதை அத்தை."

"எழுதிட்டியா?"

பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் யாருக்கும் சொல்லாமல் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்திருந்தாள். "முப்பது பக்கம் இருக்கு."

"முப்பது பக்கத்தை வச்சுக்கிட்டா இந்த ஆட்டம் ஆடினே? போய் எடுத்துட்டு வா. இனிமே அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட வரணும். ஊரெல்லாம் படிச்ச பிறகு தப்பு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும்தானே கேவலம்?"

பல்லக்கா உள்ளே போனாள். போர்வையை விலக்கித் தாள்களை எடுக்கும்போது முன்னறையில் மாமியார் ஒற்று சாரிடம் பென்சில் கேட்கும் சத்தம் கேட்டது.